போர்ஜியா பாப்பரசர்: உண்மையும் கட்டுக்கதையும்

உங்கள் வீட்டிலும் ஒரு நாள் இந்தக் கேள்வி எழலாம். பாடசாலையில் யாரோ சொன்னதையோ, கைத்தொலைபேசியில் பார்த்த ஒரு தொடரையோ வைத்துக்கொண்டு, "பாப்பரசர் ஒருவர் நஞ்சு வைத்து ஆட்களைக் கொன்றாராமே? அவருக்குப் பிள்ளைகளும் இருந்தார்களாமே?" என்று உங்கள் பிள்ளை கேட்கும். "சீ, அப்படியெல்லாம் பேசாதே" என்று அதட்டுவது இலகு. ஆனால் கேட்டதில் பாதி உண்மை என்பதை அப்பிள்ளை பின்னொரு நாள் அறிந்துகொண்டால், நாம் சொல்லிக்கொடுத்த மற்றவற்றையும் அல்லவா சந்தேகிக்கும்? எது உண்மை, எது கதை என்று பெற்றோர் தெரிந்துவைத்திருப்பது நன்று.

அப்பேச்சுக்கு ஆளானவர் ஆறாம் அலெக்சாந்தர். ஸ்பானியாவில் வலன்சியாவுக்கு அண்மையில் பிறந்த றொட்றிகோ போர்ஜியா என்பவரே இவர். இவருடைய தாய்மாமன் மூன்றாம் கலிஸ்து என்ற பெயருடன் பாப்பரசராகி, 1456-இல் மருமகனைக் கர்தினாலாக்கினார். அடுத்த ஆண்டிலேயே திருச்சபையின் ஆவணப் பணிமனைக்குத் தலைவராகவும் நியமித்தார். 1492 ஓகஸ்ட் மாதத்தில் றொட்றிகோ பாப்பரசரானார். 1503-இல் இறந்தார்.

பிள்ளைகளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவோம். அது கதையல்ல. கர்தினாலாக இருந்த காலத்தில் வனொத்சா என்னும் பெண்ணிடம் அவருக்குச் செசாரே, யுவான், லுக்கிறேசியா, யொவ்றே என நால்வர் பிறந்தனர். அவர்களைத் தம் பிள்ளைகள் என்று அவர் மறைக்கவுமில்லை. தேர்தலில் வாக்குகளைப் பதவியும் சொத்தும் கொடுத்து வாங்கினார் என்பதையும் மறுக்க இயலாது. அஸ்கானியோ ஸ்போர்சா என்ற கர்தினாலின் வீட்டுக்கு நான்கு கோவேறு கழுதைகளில் வெள்ளி போனது என்பது அக்காலத்து ஊர்ப்பேச்சு; அதை விட்டுவிடலாம். ஆனால் தேர்தலின் பின் அலெக்சாந்தர் வகித்துவந்த பெரும் பதவி அதே அஸ்கானியோவுக்குப் போயிற்று என்பது ஏட்டில் உள்ளது.

அக்காலத்துப் பாப்பரசர் ஆன்ம மேய்ப்பர் மாத்திரமல்லர், நடு இத்தாலியில் ஓர் அரசுக்கு மன்னருங்கூட. மிலான், வெனிஸ், புளோரன்ஸ், நாப்பொலி என்று சுற்றிலும் போட்டி அரசுகள். 1494-இல் பிரான்சிய மன்னன் எட்டாம் சார்ள்ஸ் படையோடு இறங்கி, அவ்வாண்டின் கடைசி நாளில் உரோமாபுரிக்குள்ளேயே புகுந்தான். ஒர்சீனி, கொலோன்னா ஆகிய உள்ளூர்ப் பிரபுக் குடும்பங்களோ எந்நேரம் எப்பக்கம் சாயும் என்று தெரியாது. இந்நிலையில் பாப்பரசர்கள் இரத்த உறவை நம்பினார்கள். அலெக்சாந்தருக்கு முன்பும் பின்பும் இது நடந்தது. அவர் அதை அளவு கடந்து செய்தார். மகன் செசாரேயை 1493-இல் கர்தினாலாக்கினார். 1498-இல் அவன் அதைத் துறந்து படைத்தலைவனாகி, றொமாஞ்ஞா நாட்டுச் சிற்றரசர்களை அடக்கினான். இது நடந்ததற்குக் காரணமே தவிர, நியாயமாகாது.

இனிக் கதைகளுக்கு வருவோம். 1497 யூன் மாதத்தில் ஓரிரவு யுவான் கொலையுண்டான். உடல் தைபர் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டது. ஆற்றங்கரையில் விறகு காத்திருந்த ஒருவன், உடலை எறிந்தவர்களைக் கண்டதாகச் சொன்னான். ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டதற்கு, நூறு பிணங்கள் அவ்விடத்தில் எறியப்பட்டதைக் கண்டிருப்பதாகவும், ஒருவரும் அவை பற்றி விசாரித்ததில்லை என்றும் மறுமொழி கூறினானாம். அன்றைய உரோமாபுரி அப்படி! கொலையாளி அகப்படவேயில்லை. அண்ணன் செசாரேதான் கொன்றான் என்ற பேச்சு பல மாதங்கள் கழித்தே கிளம்பியது. இன்று அதைத்தான் தொடர்களில் நிச்சயம்போலக் காட்டுகிறார்கள். மகனை இழந்த தந்தை கர்தினால்மார் முன் அழுது, திருச்சபையைச் சீர்திருத்தப்போவதாக அறிவித்து, அதற்கென ஒரு குழுவையும் அமைத்தார். ஆணையின் வரைவு எழுதப்பட்டது, வெளியாகவில்லை. நஞ்சுக் கதைகளைவிட இதுவே அவர்மேல் பெரிய குற்றச்சாட்டு என்பேன்.

லுக்கிறேசியாவின் பெயர் கெட்டதுதான் பெரும் அநியாயம். நஞ்சு நிறைந்த மோதிரத்தோடு திரிந்த கொலைகாரி என்று அவளைக் காட்டுவார்கள். இதற்கு ஆதாரம் கிடையாது. 1833-இல் விக்டர் ஹியூகோ எழுதிய நாடகமும், அதே ஆண்டில் தொனிசெத்தி அமைத்த இசைநாடகமும் அவளை உலகறிந்த நச்சுக்காரியாக்கின. உண்மையில் தந்தையின் அரசியலுக்காக மூன்று முறை மணமுடித்துக் கொடுக்கப்பட்ட பெண் அவள். முதல் மணம் செல்லாதென்று தள்ளப்பட்டது. இரண்டாம் கணவனை 1500-இல் அவளுடைய சகோதரனின் ஆளே கொன்றான். பின்னர் பெறாறா நாட்டுக் கோமகளாகி, புனித பிரான்சிஸ்குவின் மூன்றாம் சபையிலும் சேர்ந்தாள். 1519-இல் பிள்ளைப்பேற்றின்பின் இறக்குந் தறுவாயில், பத்தாம் லியோ பாப்பரசரிடம் ஆசீர் வேண்டிக் கடிதம் எழுதினாள். அப்போது வயது 39.

பாப்பரசரின் மரணத்துக்கும் நஞ்சுக் கதை உண்டு. கர்தினால் அத்ரியானோவின் தோட்டத்து விருந்தில், பிறருக்கு வைத்த நஞ்சைத் தாமே அருந்தினார் என்பார்கள். ஆனால் விருந்துக்குச் சில நாட்கள் கழித்தே காய்ச்சல் கண்டது. செசாரேயும் விருந்தளித்தவருமே படுக்கையில் விழுந்தார்கள். ஓகஸ்ட் மாத உரோமாபுரியில் மலேரியா சாதாரணம். வழிபாட்டு ஒழுங்குகளைக் கவனித்த புர்க்கார்ட் தம் நாட்குறிப்பில் காய்ச்சலையும், 18ஆந் திகதி காலை பாப்பரசர் பாவசங்கீர்த்தனஞ் செய்து நற்கருணை உட்கொண்டதையும், அன்று மாலை இறந்ததையும் எழுதிவைத்தார். வெயிலில் உடல் கறுத்து வீங்கியதே நஞ்சுப் பேச்சுக்கு விதையாயிற்று.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்றுண்டு. போர்ஜியாவின் மேல் சொல்லப்படுவதெல்லாம் பகைவரின் பொய், பிள்ளைகளும் அவருடையவர்கள் அல்லர் என்று வாதாடிய கத்தோலிக்க எழுத்தாளர்களும் இருந்தார்கள். பதின்மூன்றாம் லியோ 1881-இல் வத்திக்கான் ஆவணங்களை ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிட்டார். அவற்றை ஆராய்ந்து பாப்பரசர்களின் வரலாற்றை எழுதிய லுட்விக் பாஸ்தர் உறுதியான கத்தோலிக்கர். அலெக்சாந்தரைக் காப்பாற்ற முயல்வது வீண் என்பதே அவரது முடிவு.

"அப்படியானால் வழுவாவரம் எங்கே?" என்று பிள்ளை தொடர்ந்து கேட்கக்கூடும். 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம் வரையறுத்தது, விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் பற்றித் திருச்சபை முழுமைக்கும் பாப்பரசர் அறுதியாகப் போதிக்கும் போதனையைப் பற்றியது. பாப்பரசர் பாவஞ் செய்யமாட்டார் என்று எந்தச் சங்கமும் சொன்னதில்லை. அவரும் முழங்காலில் நின்று பாவசங்கீர்த்தனஞ் செய்கிறார். 2024 நத்தார் இரவில் பிரான்சிஸ் பாப்பரசர் புனித இராயப்பர் பேராலயத்தில் புனித கதவைத் திறந்தாரல்லவா? அச்சடங்கை 1500ஆம் ஆண்டு யூபிலிக்காக அப்பேராலயத்தில் ஒழுங்குசெய்தவர் இதே அலெக்சாந்தர்.

கொலையுண்ட யுவானுக்கு ஒரு மகன் இருந்தான். அவனுக்கு 1510-இல் பிறந்த மூத்த மகன் கந்தியா நாட்டுக் கோமகனாகி, மனைவி இறந்தபின் பட்டத்தையும் சொத்தையும் துறந்து இயேசு சபையில் சேர்ந்தார். அச்சபைக்கு மூன்றாவது அதிபராகி, தம் பூட்டன் ஆண்ட அதே உரோமாபுரியில் 1572-இல் மரித்தார். அவரே புனித பிரான்சிஸ் போர்ஜியா.