உறை கூறும் செய்தி

கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்னரே அதன் உறையைப் படித்துவிடுவது நம் இல்லங்களில் வழக்கமாக இருந்தது. நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவிய உறை வந்தால் அது மங்கல அழைப்பு என்பதைச் சிறுவரும் அறிவர். மூலையில் கறுப்பு மை தீட்டிய அஞ்சலட்டை வந்தாலோ, வாயிற்படியிலேயே அழுகுரல் எழுந்துவிடும். அவ்வட்டையைப் படித்தவுடன் கிழித்தெறிவர். வீட்டினுள் வைத்திருக்க ஒருப்படார். எழுத்தறியாதவர்க்கும் செய்தியின் தன்மையை உணர்த்திய இம்முறையைக் காட்டிலும் பயனுடைய உறையலங்காரம் வேறொன்று உண்டோ என்று எண்ணத் தோன்றுகிறது.

அஞ்சல் துறையும் இத்தகைய குறிகளைக் கையாண்டது. விமான அஞ்சல் உறையின் ஓரங்களில் சிவப்பும் நீலமும் சாய்கோடுகளாக ஓடும். பதிவுத் தபால் உறையின்மீது நீலக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இடப்பட்டிருக்கும். குவிந்து கிடக்கும் கடிதங்களுக்கிடையே ஊழியரின் கண்ணுக்கு இவை தனித்துத் தெரியும். அப்பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டுவிட்டது. தந்தி 2013 ஜூலையிலேயே விடைபெற்றது.

அழகு கருதி உறை வெளியிட்டவர்க்கு முதலில் கிடைத்தது ஏளனமே. 1840 மே மாதத்தில் பிரிட்டன் அரசு, முதல் அஞ்சல் தலையோடு, வில்லியம் மல்ரெடி என்னும் ஓவியர் வரைந்த உறைகளையும் விற்பனைக்குக் கொணர்ந்தது. பிரிட்டானியா என்னும் உருவகப் பெண் திசைதோறும் தூதரை அனுப்புவதாகவும், யானையும் ஒட்டகமும் நிற்பதாகவும் அமைந்த ஆடம்பர ஓவியம் அது. மக்கள் நகைத்தனர், கேலி உறைகளை அச்சிட்டு விற்றோரும் உளர். அரசு அவற்றைக் கைவிட நேர்ந்தது.

இன்றோ படவுறைகளைத் தேடிச் சேர்ப்போர் பலர். புதிய அஞ்சல் தலையை ஒட்டி, வெளியீட்டு நாள் முத்திரையுடன் வருவது முதல் நாள் உறை. ஒரு விழாவையோ நிறுவனத்தையோ போற்றித் தனி முத்திரையுடன் வருவது சிறப்பு உறை. சென்னை அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தில் இவற்றுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. மயிலையில் பிறந்தவர் என்று மரபு கூறும் திருவள்ளுவர்க்கு 1960இலும், அடையாற்றில் பணியாற்றிய அன்னி பெசன்ட் அம்மையார்க்கு 1963இலும், கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவிக்கு 1987இலும் அஞ்சல் தலைகள் வெளிவந்தன. அவற்றின் உறைகளை அடுக்கி வைத்தால் தென்சென்னையின் வரலாற்றில் சில ஏடுகள் நம் கைக்கு வந்துவிடும்.

பரணில் பழைய உறை கிடைத்தால் மாணவர் பலர் செய்வது யாது? நீரில் ஊறவைத்துத் தலையை மட்டும் பெயர்த்தெடுப்பர். பெரும்பிழை அது. முன்புறத்து முத்திரை கடிதம் புறப்பட்ட ஊரையும் நாளையும் கூறும்; பின்புறத்தில், சேர்ந்த அஞ்சலகத்தின் முத்திரை இருத்தல் கூடும். இரண்டையும் ஒப்பிட்டால் அது வழியில் கழித்த நாள்கள் விளங்கும். முகவரியும் சான்றாகும். மயிலாப்பூர் சென்னை-4 எனவும், தியாகராய நகர் சென்னை-17 எனவும், அடையாறு சென்னை-20 எனவும் எழுதப்பட்ட காலம் ஒன்று உண்டு. 1972 ஆகஸ்ட் 15இல் ஆறிலக்கக் குறியீடு வந்தபின் அவை முறையே 600004, 600017, 600020 ஆயின. பழைய எண்கள் இன்றும் அவற்றின் ஈற்றில் அமர்ந்திருப்பதைக் காண்க.