எறும்பு வந்து கடிக்காதா, தாத்தா?
நோயுற்றோர் இல்லத்தில் மழலையரின் கேள்விகளும் நாம் அளிக்க வேண்டிய விடைகளும்

இல்லத்தில் ஒருவர் நோயுற்றால் பெரியவர்களின் பேச்சு தாழ்ந்த குரலில் நடைபெறத் தொடங்குகிறது. சர்க்கரை, அடைப்பு, கல், ஸ்கேன், ஆபரேஷன் முதலிய சொற்கள் கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே உலவுகின்றன. குழந்தைகள் தம் போக்கில் விளையாடிக் கொண்டிருக்கிறார்கள் என்றே நாம் எண்ணுகிறோம். அவர்களோ அச்சொற்களைக் கேட்டுத் தமக்குத் தெரிந்த உலகைக் கொண்டு அவற்றுக்குப் பொருள் அமைத்துக் கொள்கிறார்கள். அப்பொருள் சில வேளை நம்மை வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறது. சில வேளை அக்குழந்தையை இரவில் உறங்கவிடாமல் வருத்துகிறது. சிரிப்பும் அச்சமும் இங்கே ஒரே ஊற்றிலிருந்து பிறக்கின்றன. அவ்வூற்றை அறிந்துகொண்டால் குழந்தைக்கு விடை கூறுவது எளிதாகும்.

இக்கட்டுரையில் வரும் உரையாடல்கள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. ஆயினும் இவற்றை ஒத்த பேச்சைத் தம் வீட்டில் கேளாதவர் அரியர்.

1. சொல்லைச் சொல்லாகவே கொள்ளும் பருவம்

"தாத்தா, உங்க ரத்தத்துல சர்க்கரை இருக்கா?"

"ஆமாம் கண்ணு. கொஞ்சம் அதிகமாவே இருக்கு."

"அப்போ ராத்திரி எறும்பு வந்து கடிக்காதா?"

"கடிக்காதும்மா."

"எதுக்கும் உங்க கட்டில் காலுக்கு அடியில தண்ணிக் கிண்ணம் வைக்கட்டுமா? பாட்டி அதிரசத் தூக்குக்கு அப்படித்தானே வைப்பாங்க!"

இங்கே நான்கு வயதுக் குழந்தை பிழையாக ஒன்றும் சிந்திக்கவில்லை. சர்க்கரை இருக்கும் இடத்தை எறும்பு நாடும் என்பது அதன் அனுபவம்; நீர் வைத்தால் எறும்பு அணுகாது என்பது பாட்டியிடம் கற்ற பாடம். இரண்டையும் இணைத்துத் தாத்தாவைக் காக்க ஒரு திட்டம் வகுத்திருக்கிறது. சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் ழான் பியாஜே (1896–1980) குழந்தைகளோடு நெடுநேரம் உரையாடி அவர்களின் சிந்தனையை ஆராய்ந்தவர். ஏறத்தாழ 2 முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகள் கண்ணால் கண்டதையும் கையால் தொட்டதையும் கொண்டே காணாத பொருள்களை விளங்கிக் கொள்கிறார்கள் என்று அவர் காட்டினார்.

இக்குழந்தையின் ஐயத்துக்கு மருத்துவ வரலாற்றிலும் இடமுண்டு. நீரிழிவு நோயாளரின் சிறுநீரை எறும்புகள் மொய்ப்பதை இந்நாட்டின் பண்டை மருத்துவர்கள் கண்டறிந்திருந்தனர். மதுமேகம் என்னும் பெயரும் அந்த இனிப்பைக் குறித்தே எழுந்தது. வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் உள்ளது. வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்னும் அளவில் சர்க்கரை இருந்தால், உடலில் ஓடும் இரத்தம் முழுவதிலும் இருப்பது சுமார் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டியளவே. இந்த அளவு 180 மில்லிகிராமைத் தாண்டும்போது, பெரும்பாலோர்க்குச் சிறுநீரகம் மிகுதியைச் சிறுநீரில் வெளியேற்றத் தொடங்குகிறது. எறும்பு நாடியது அதனையே.

குழந்தைக்கு இவ்வளவும் தேவையில்லை. "சர்க்கரை உள்ளே ரத்தத்தோடு ஓடிக்கிட்டிருக்கு; தோல் மூடியிருக்கு; அதனால எறும்புக்குத் தெரியாது. அது குறையத்தான் தாத்தா தினமும் மாத்திரை சாப்பிட்டு நடக்கிறார்" என்பது போதும். இதில் பொய் எதுவும் இல்லை. குழந்தையின் கைக்கு அடங்கும் அளவே உள்ளது.

இதிலிருந்து பெறும் முதற்பாடம்: விடை கூறுமுன், "நீ என்ன நினைக்கிறே?" என்று கேளுங்கள். குழந்தை எந்தப் படத்தை மனத்தில் வரைந்திருக்கிறது என்பது தெரிந்தால்தான் அதைத் திருத்த இயலும். சிரிப்பு வருமாயின் குழந்தையோடு சேர்ந்து சிரியுங்கள், அதன் முன்னிலையிலேயே அடுத்தவரை அழைத்து, "இவள் சொன்னதைக் கேட்டீர்களா?" என்று பரப்பாதீர்கள். ஒரு முறை நாணிய குழந்தை அடுத்த கேள்வியைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும்.

2. உவமையை முழுமையாகக் கூறுக

"பெரியப்பா நெஞ்சுல அடைப்பாமே! நம்ம பாத்திரம் கழுவுற தொட்டி அடைச்சுதே, அந்த மாதிரியா அம்மா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். ரத்தம் போற குழாய் சுருங்கிப்போச்சு. டாக்டர் அதுக்குள்ள ஒரு குட்டி பலூனை விட்டு அகலமாக்கினார்."

"பலூனா! என்ன கலர்?"

"தெரியலையேடா."

"பெரியப்பா தும்மினா வெடிச்சிடாதா?"

உவமை நன்று, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. பலூன் இன்னும் பெரியப்பாவின் நெஞ்சில் இருக்கிறது என்று அச்சிறுவன் நம்புகிறான். அவர் அருகில் சென்று கட்டிக்கொள்ளவும் இனி அஞ்சக்கூடும். இதயத் தமனியைப் பலூன் கொண்டு விரிக்கும் முறையை 1977ஆம் ஆண்டு சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்னும் மருத்துவர் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குச் செய்தார். பலூன் சில நொடிகள் முதல் ஒரு நிமிடம் வரை விரிக்கப்பட்டு, பின்னர் சுருக்கி வெளியே எடுக்கப்படுகிறது. குழாய் மீண்டும் சுருங்காதிருக்க, ஸ்டென்ட் எனப்படும் நுண்ணிய வலைக்குழல் மட்டும் பெரும்பாலும் உள்ளே நிறுத்தப்படுகிறது. ஆகவே, "பலூனை அப்போதே வெளியே எடுத்துட்டாங்க, தும்மினாலும் சிரிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்னும் இறுதி வாக்கியமே அச்சிறுவனுக்கு வேண்டிய மருந்து.

இரத்தப் பரிசோதனைக்கும் இது பொருந்தும். ஊசிக்குழலில் செல்லும் இரத்தத்தைக் கண்டு, "அம்மாவோட ரத்தத்தை எப்போ திருப்பிக் கொடுப்பாங்க?" என்று கேட்கும் குழந்தை, இரத்தம் முழுவதும் தீர்ந்துவிடும் என்று அஞ்சுகிறது. எடுப்பது ஓரிரு தேக்கரண்டியளவு என்றும், உடல் புதிய இரத்தத்தை நாள்தோறும் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது என்றும் கூறினால் அவ்வச்சம் நீங்கும்.

3. கேட்கப்படாத கேள்வி

சில கேள்விகள் வாய்விட்டு வருவதில்லை. அவையே பெரிதும் கவனிக்கத்தக்கவை. பித்தப்பைக் கல்லுக்காகத் தாய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறார். ஐந்து வயது மகன் சித்தியின் பொறுப்பில் இருக்கிறான் என்று கொள்வோம்.

"சித்தி, அந்தச் சொப்புச் சாமானையெல்லாம் யாருக்காவது குடுத்துடு."

"ஏன்டா தங்கம்? உனக்குப் பிடிச்சதாச்சே!"

"வேண்டாம். அன்னைக்கு நான் கூழாங்கல்லைப் போட்டுப் பொங்கல் வெச்சேன். அம்மா 'ரொம்ப நல்லாருக்கு'ன்னு சாப்பிட்டா. அதான் வயித்துல கல்லு."

கேட்டவுடன் சிரிப்பு எழும். அடுத்த நொடியில் அது தொண்டையில் நின்றுவிடும். பாவனைக்காகத் தாய் உண்பதுபோல் நடித்ததை மெய்யென்று எண்ணி, தாயின் நோய்க்குத் தானே காரணம் என்னும் சுமையை அச்சிறுவன் எத்தனை நாள் தனியே சுமந்தானோ! தவறு செய்தால் அதற்குத் தண்டனையாகத் துன்பம் தானே வந்து சேரும் என்று இளங்குழந்தைகள் நம்புவதைப் பியாஜே 1932இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கியுள்ளார். "சொன்ன பேச்சு கேக்காம என்னைப் படுக்கையில தள்ளிட்டே" என்று சலிப்பில் நாம் உதிர்க்கும் ஒரு சொல் அந்நம்பிக்கைக்கு உரமாகிவிடும்.

பித்தநீரில் கொழுப்பு முதலிய பொருள்கள் மிகுந்து, மெல்ல மெல்ல இறுகிக் கல்லாகின்றன. வெளியிலிருந்து எவரும் இடுவதில்லை. "வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில வெள்ளையாப் படியுதே, அது மாதிரி உள்ளேயே தானா உண்டாச்சு. நீ வெச்ச பொங்கலை அம்மா சாப்பிடற மாதிரி விளையாட்டுக்குச் செஞ்சா. நீ ஒண்ணுமே பண்ணலை" என்று தெளிவாகக் கூறவேண்டும். ஒரு முறை கூறினால் போதாது. மறுநாளும், அதற்கு மறுநாளும் கூறவேண்டும்.

நோயுற்றோர் இல்லத்துக் குழந்தை ஒவ்வொன்றின் உள்ளத்திலும் மூன்று கேள்விகள் இருப்பதாகவே கொள்ளலாம். அவை கேட்கப்படும் வரை காத்திராமல் நாமே விடை கூறுவது நலம்.

என்னால் வந்ததா? உன்னால் வரவில்லை, நீ செய்ததோ, சொன்னதோ, நினைத்ததோ எதுவும் காரணமன்று.

எனக்கும் ஒட்டிக்கொள்ளுமா? நீரிழிவு, இதய நோய், பித்தப்பைக் கல், புற்றுநோய் ஆகியவை தொடுவதாலோ உடன் உறங்குவதாலோ பரவுவன அல்ல. தொற்றுநோயாக இருப்பின், மருத்துவர் கூறிய முகக்கவசம், கைகழுவுதல் ஆகியவற்றைக் காரணத்தோடு எடுத்துரையுங்கள்.

என்னை யார் பார்த்துக்கொள்வார்? "காலையில சித்தி தலை வாரிவிடுவா, பள்ளிக்கூடத்திலிருந்து மாமா கூட்டி வருவார், ராத்திரி அப்பா பக்கத்துல படுப்பார்" என ஆளையும் வேளையையும் குறித்துச் சொல்லுங்கள். "எல்லாரும் இருக்கோம்" என்னும் பொதுவான ஆறுதல் குழந்தைக்கு விளங்காது.

4. "அம்மா நேத்திக்கு வருவாளா?"

நாளை, நேற்று, அடுத்த வாரம் என்பன இளங்குழந்தைக்கு வழுக்கும் சொற்கள். "நேத்திக்கு வருவாளா?" என்னும் பிழை இனிமையானதே. ஆனால் நாம் கூறும் "சீக்கிரம் வந்துடுவா" என்பதும் குழந்தைக்கு அத்துணை வழுக்குவதே. 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பார், 8 நாட்கள் மருத்துவமனையில் இருந்த 2 வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம்பிடித்தார். பெற்றோர் உடனிருக்க இயலாத அக்காலத்தில், அழுகையை அடக்கிக்கொண்டு அமைதியாகத் தோன்றும் குழந்தையும் உள்ளே துயருறுகிறது என்பதை அப்படம் மருத்துவ உலகுக்குக் காட்டியது. பிரிட்டனில் பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்க வேண்டும் என்று 1959இல் பரிந்துரைக்கப்பட்டதற்கு இத்தகைய முயற்சிகளும் துணைபுரிந்தன.

ஆகவே காலத்தைக் கண்ணால் காணும் பொருளாக மாற்றுங்கள். "மூணு தடவை தூங்கி எழுந்தா அம்மா வருவா" எனக் கூறி, மூன்று புளியங்கொட்டைகளைக் கிண்ணத்தில் இட்டு, காலைதோறும் ஒன்றைக் குழந்தையே எடுக்கட்டும். மருத்துவர் நாளை நீட்டித்தால் ஒளிக்காமல், "இன்னும் ரெண்டு கொட்டை போடச் சொல்லியிருக்கார்" என்று சொல்லிச் சேருங்கள்.

5. தவிர்க்க வேண்டிய நான்கு சொற்கள்

"மிட்டாய்": மாத்திரையை மிட்டாய் என்று கூறி ஊட்டாதீர்கள். குழந்தை அச்சொல்லையும் அப்படியே நம்பும். தாத்தாவின் மாத்திரைப் பெட்டியைத் திறக்கும். சர்க்கரை நோய்க்கான சில மாத்திரைகளில் ஒன்றே ஒன்றுகூடச் சிறு குழந்தையின் இரத்தச் சர்க்கரையை உயிருக்கு ஆபத்தான அளவு குறைத்துவிடும். அவ்வாறு விழுங்கியிருந்தால், குழந்தை நலமாகத் தோன்றினாலும், வாந்தி எடுக்கவைக்க முயலாமல், அந்த மாத்திரை அட்டையுடன் உடனே மருத்துவமனைக்கு விரைக.

"ஊசி போட்டுடுவார்": சோறு உண்ணாததற்கு மருத்துவரைக் காட்டி மிரட்டினால், உதவி தேவைப்படும் நாளில் குழந்தை அவரை அணுகவிடாது.

"வலிக்கவே வலிக்காது": வலித்தவுடன் நம் சொல் பொய்யாகும். "சுருக்குனு இருக்கும், சீக்கிரம் போயிடும், நான் மடியில வெச்சுக்கறேன்" என்பதே மெய். நிமிர்த்தி அணைத்துப் பிடிப்பதும், சோப்புக் குமிழி ஊதச் செய்வதும் வலியைக் குறைத்து உணரச் செய்யும்.

"தூங்கிட்டார்": இறந்தவரை இவ்வாறு குறிப்பிட்டால், அடுத்த இரவு குழந்தை உறங்க அஞ்சும். அறுவைக்கு முன் "தூங்க வைப்பாங்க" என்று கேட்கும்போது நடுங்கும். இறப்பை இறப்பு என்றே மென்மையாகச் சொல்லலாம். அறுவைக்கான உறக்கம் மருந்தால் வருவது, மருத்துவர் உடனிருந்து காத்து, முடிந்ததும் எழுப்பிவிடுவார் என்று வேறுபடுத்திக் கூறுங்கள்.

பயிற்சி

இவ்வாரம் ஒரு குறிப்பேடு எடுத்து, உங்கள் வீட்டுக் குழந்தை நோயைப் பற்றியோ மருத்துவமனையைப் பற்றியோ கூறும் வேடிக்கையான வாக்கியங்களை அது சொன்னவாறே எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வினாக்களுக்கு விடை காணுங்கள்: இக்குழந்தை எந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொண்டது? இதன் அடியில் அச்சம் ஏதேனும் உள்ளதா? அச்சம் தென்பட்டால் அன்று மாலையே பேசிவிடுங்கள். பல வாரங்கள் உறக்கமின்மை, படுக்கையில் மீண்டும் சிறுநீர் கழித்தல், உணவில் வெறுப்பு ஆகியன நீடித்தால் குழந்தைநல மருத்துவரிடம் அக்குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

அச்சம் ஏதுமற்ற வாக்கியங்களை நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து படித்துக் காட்டுங்கள். கட்டில் காலுக்குக் கிண்ணம் வைக்க முன்வந்த பேத்தியின் அன்பைத் தாத்தா அறிந்து மகிழ வேண்டாமா?