செல்போன் சார்ஜ் ஏன் சீக்கிரம் தீர்கிறது?

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. 2001-ஆம் ஆண்டு அங்கிருந்த தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். அதன் பிறகு பல பேர் தினமும் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

எங்கள் படிப்பு வட்டத்துக்கு வரும் அக்கா ஒருவரும் அப்படித்தான். ஓர் அலுவலகக் கட்டடத்தில் கூட்டித் துடைக்கும் வேலை. விடியும் முன்பே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறுவார். இரவுதான் வீடு திரும்புவார். மாத சீசன் டிக்கெட்டை செல்போனில் எடுத்து வைத்திருந்தார்.

ஒருநாள் அக்கா முகம் வாடி வந்தார்.

"என்ன அக்கா?" என்று கேட்டேன்.

"ரயில்ல டிக்கெட் கேட்டாங்க தம்பி. போனை எடுத்தேன். சார்ஜ் இல்லாம அணைஞ்சு கெடக்கு. டிக்கெட் போனுக்குள்ள இருக்குன்னு சொன்னேன். காட்டினாத்தான் டிக்கெட்னு சொல்லிட்டாங்க. அபராதம் கட்டினேன். ஒருநாள் கூலி போச்சு."

"காலையில் சார்ஜ் போடவில்லையா?"

"நூறு வரைக்கும் போட்டுட்டுத்தான் போறேன். திறந்த ஆப்பையெல்லாம் விரலால தள்ளித் தள்ளி மூடிடுறேன். அப்படியும் சாயங்காலத்துக்குள்ள தீந்துபோகுது."

அக்கா செய்தது சரியா? சார்ஜ் எங்கே போகிறது? வாருங்கள், பார்ப்போம்.

அடுக்கில் இருப்பதும் அடுப்பில் இருப்பதும்

ஆப் என்பதைத் தமிழில் செயலி என்கிறோம். வாட்ஸ்அப் ஒரு செயலி. பணம் அனுப்புவது ஒரு செயலி. வீடியோ பார்ப்பது ஒரு செயலி.

ஒரு செயலியைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறோம். அது இரண்டு விதமாக இருக்கலாம்.

ஒன்று, சும்மா இருக்கலாம். கழுவி அடுக்கில் வைத்த பாத்திரம் போல. அதற்கு விறகு செலவு இல்லை.

இரண்டு, நமக்குத் தெரியாமல் வேலை செய்யலாம். ஆள் இல்லாத சமையலறையில் எரியும் அடுப்பு போல. நாம் எங்கே இருக்கிறோம் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். புதிய விளம்பரத்தை இறக்கும். படங்களை ஏற்றும், இறக்கும். இதைத்தான் பின்னணியில் ஓடுவது என்கிறோம். இதற்குச் சார்ஜ் செலவாகும்.

அக்கா எல்லாவற்றையும் தள்ளி மூடினார். அதில் பெரும்பாலானவை அடுக்கில் இருந்த பாத்திரங்கள். மூடியதால் மிச்சம் ஏதும் இல்லை. மறுபடி திறக்கும்போது செயலி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆறிப்போன குழம்பை மறுபடி சுட வைப்பது போல, அதற்கும் கொஞ்சம் சார்ஜ் செலவாகும்.

2016-இல் ஆண்ட்ராய்டு போனுக்கும் ஐபோனுக்கும் மென்பொருள் பொறுப்பில் இருந்தவர்களிடம் இதே கேள்வி வந்தது. இப்படி மூடுவதால் சார்ஜ் மிச்சமாகாது என்றுதான் இரண்டு பக்கமும் சொன்னார்கள்.

அப்படியானால் என்ன செய்வது? எரிகிற அடுப்பு எது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கணக்கு பார்த்தோம்

ஆண்ட்ராய்டு போனில் பல்சக்கரப் படம் ஒன்று இருக்கும். அதுதான் அமைப்புகள். அதைத் தொட்டோம். அதில் பேட்டரி என்பதைத் தொட்டோம். எந்தச் செயலி எவ்வளவு சார்ஜ் எடுத்தது என்று பட்டியல் வந்தது. ஒரு செயலியின் பெயரைத் தொட்டால் இன்னொரு விவரமும் வரும். நாம் அதைப் பார்த்த நேரம் எவ்வளவு? பின்னணியில் அது ஓடிய நேரம் எவ்வளவு?

அக்காவின் போனில் வீடியோ செயலிதான் முதலில் இருந்தது. செலவான சார்ஜை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால் அது மட்டும் 34 பங்கு. அதை அக்கா ரயிலில் பார்த்தார். அது அவரே பற்றவைத்த அடுப்பு.

கீழே மூன்று செயலிகள் இருந்தன. பொருள் வாங்கும் செயலி 4 பங்கு. விளையாட்டு 3 பங்கு. செய்தி 2 பங்கு. மூன்றையும் அக்கா அன்று திறக்கவே இல்லை!

"நான் தொடவே இல்லையே தம்பி. இதுக எதுக்கு ஓடுது?" என்றார் அக்கா.

இவைதான் ஆள் இல்லாமல் எரியும் அடுப்புகள்.

நிறுத்தும் வழி

செயலியின் பெயரைத் தொட்டு, அதற்குள் பேட்டரி என்பதைத் தொட வேண்டும். புதிய ஆண்ட்ராய்டு போன்களில் மூன்று வழி இருக்கும். இஷ்டம்போல் ஓட விடலாம். தேவையைப் பார்த்துப் போனே முடிவு செய்ய விடலாம். பின்னணியில் ஓடாமல் தடுக்கலாம். சில போன்களில் சொற்களும் இடமும் கொஞ்சம் மாறும். ஐபோனில் இது பொது அமைப்புகளுக்குள் இருக்கும்.

அந்த மூன்று செயலிகளையும் தடுத்தோம். விளையாட்டை அக்கா நீக்கியே விட்டார்.

அக்கா நோட்டில் தினமும் எழுதினார். மாலை 6 மணிக்கு எவ்வளவு சார்ஜ் மிச்சம்?

முதல் வாரம், ஒன்றும் மாற்றாதபோது: சுமார் 17.
இரண்டாம் வாரம், மூன்று செயலிகளை நிறுத்திய பிறகு: சுமார் 23.

6 கூடியது. உதவி உண்டு. ஆனால் பெரிய உதவி இல்லை. ஏனென்றால், 2015 முதலே ஆண்ட்ராய்டு போன் சும்மா கிடக்கும்போது செயலிகளைத் தானே அடக்கி வைக்கிறது. நாம் நிறுத்துவதற்கு மீதம் இருப்பது கொஞ்சம்தான்.

பெரிய செலவு எங்கே?

முதல் செலவு திரை. வெளிச்சம் கூடினால் செலவும் கூடும்.

இரண்டாவது செலவு சிக்னல். சிக்னல் குறைந்த இடத்தில் போன் கோபுரத்தைத் தேடும். தூரத்தில் இருப்பவரிடம் உரக்கக் கத்துவது போல, அதிகச் சக்தியோடு பேசும். அக்காவின் பை நாள் முழுவதும் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. அங்கே சிக்னல் மிகவும் குறைவு.

மூன்றாம் வாரம் அக்கா மூன்று வேலை செய்தார். திரை வெளிச்சத்தைக் குறைத்தார். ரயிலில் வீடியோ பார்ப்பதைப் பாதியாக்கினார். பையைத் தரைத்தளத்தில் வைத்தார். மாலையில் மிச்சம் சுமார் 38!

இது ஒரு போனின் கணக்கு. உங்கள் போனில் எண்கள் மாறலாம். அதனால் நீங்களும் எழுதிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் நிறுத்தலாமா?

கூடாது. இடையில் அக்கா ஒரு தவறு செய்தார். இன்னும் மிச்சமாகட்டும் என்று வாட்ஸ்அப்பையும் தடுத்துவிட்டார். அன்று இரவு மேற்பார்வையாளர் செய்தி அனுப்பினார். மறுநாள் வேலை நேரம் மாறியிருந்தது. செய்தி வந்ததே போனில் தெரியவில்லை. மறுநாள் ரயிலில் வாட்ஸ்அப்பைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நேரம் போய்விட்டது.

செய்தி வர வேண்டிய செயலியைத் தடுக்காதீர்கள். அலாரம், வங்கி, பிள்ளைகளின் பள்ளிச் செய்தி வரும் செயலி, இவற்றை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. "சார்ஜை மிச்சம் பிடிக்கும் ஆப்" என்று விளம்பரம் வரும். அதுவும் ஒரு செயலிதான். அதுவும் பின்னணியில் ஓடும், விளம்பரம் காட்டும். அது வேண்டாம். மிச்சம் பிடிக்கும் வசதி போனிலேயே இருக்கிறது.

பேட்டரிக்கும் வயது உண்டு. சில வருடம் ஓடிய பேட்டரியில் 100 என்று காட்டினாலும், புதிதில் பிடித்த அளவு பிடிக்காது. வெயிலும் சூடும் அதைச் சீக்கிரம் கெடுக்கும். எதை நிறுத்தினாலும் சார்ஜ் நிற்கவில்லை என்றால் பேட்டரியை மாற்ற வேண்டியிருக்கும். போன் உப்பியிருந்தால் உடனே கடையில் காட்டுங்கள். அதைச் சார்ஜ் போடாதீர்கள்.

அக்கா இப்போது என்ன செய்கிறார்? அடுத்த மாத சீசன் டிக்கெட்டை நிலையத்தில் காகிதத்தில் வாங்கிக்கொண்டார்.

"போன் அணைஞ்சாலும் காகிதம் அணையாது தம்பி" என்கிறார். "அதுல தேதியை நானே படிச்சுப் பாத்து வாங்கினேன்."

நினைவில் வையுங்கள்

1. முதலில் பட்டியலைப் பாருங்கள். பிறகு நிறுத்துங்கள்.
2. பயன்படுத்தாமலே ஓடும் செயலியை மட்டும் தடுங்கள்.
3. எல்லாவற்றையும் தள்ளி மூடுவதால் பயன் இல்லை.
4. திரை வெளிச்சம், வீடியோ, சிக்னல், இவற்றையும் கவனியுங்கள்.

கணக்குப் போடுங்கள்

1. செயலிகளை நிறுத்தியதால் கூடிய சார்ஜ்: 23 - 17 = ?
2. வெளிச்சம், வீடியோ, பை இடம் மாற்றியதால் கூடியது: 38 - 23 = ?
3. எதனால் அதிகம் கூடியது?

கலந்து பேசுங்கள்

உங்கள் போனில் நீங்கள் திறக்காமலே ஓடும் செயலிகள் எவை? அவற்றில் உங்களுக்குத் தேவையானது எது, தேவையில்லாதது எது? பெயர்களை எழுதிக் கொண்டுவாருங்கள். அடுத்த வகுப்பில் சேர்ந்து பார்ப்போம்.