இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தள மென்பொருளைத் தரமுயர்த்தல்

மாணவர்களே, தரவுத்தள மென்பொருளைத் தரமுயர்த்தும்போது எழும் சவால்கள் யாவை எனக் கேட்டால், பலர் செலவு, நேரம், பயிற்சி என மூன்று சொற்களை எழுதி நிறுத்திவிடுவர். இவை எந்த மென்பொருளுக்கும் பொருந்தும் விடைகள். தரவுத்தளத்தில் பெரிய சிக்கல், பிழைத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவதே.

திருகோணமலைத் துறைமுக வாயிலில் லொறிகளைப் பதிவதற்கு ஒரு தரவுத்தளம் உள்ளதாகக் கொள்வோம். நள்ளிரவில் காப்புப்பிரதி எடுத்துப் புதிய பதிப்பை நிறுவுகிறார்கள். காலை 10 மணிக்குள் 60 லொறிகள் பதியப்பட்டுவிட்டன. அப்போதுதான் நிறைக் கணக்கில் பிழை தெரிகிறது. புதிய பதிப்பு எழுதிய கோப்புகளைப் பழைய பதிப்பு பெரும்பாலும் வாசிக்காது. நள்ளிரவுப் பிரதியை மீட்டாலோ 60 பதிவுகளும் இல்லாமற் போகும். வாயிலை மூடிவைத்துச் சோதிக்கலாம். ஆனால் லொறிகள் வரிசையில் நிற்கும்.

எனவே சமாந்தர முறையைக் கையாள்வர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை துறையடியில் மிதவைப் பாதை ஓடியதை வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். புதியது தயாராகும்வரை பழையது ஓடும். ஆயினும் இந்த உவமை பாதிவரைதான் பொருந்தும். பயணி ஒன்றில் மட்டும் ஏறுவார். தரவோ பழையது, புதியது இரண்டிலும் ஒரே ஒழுங்கில் பதியப்பட வேண்டும். ஒன்றில் விடுபட்டால் எது சரி என்ற கேள்வி எழும்.

அப்படியானால் தரமுயர்த்தாமல் விடலாமா? 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையகம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீம்பொருளால் தாக்கப்பட்டது. மின்னஞ்சல்களும் ஒரு தரவுத்தளத்திலேயே சேமிக்கப்படுகின்றன. அங்கு இயங்கியது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. 2021 முதல் திட்டமிட்ட தரமுயர்த்தல் நிதியின்மையால் தள்ளிப்போனது. இணைப்பிலிருந்த காப்புப்பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. தனியே வைத்த பிரதி இல்லை. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் இழக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் இதற்குத் தப்பவில்லை.

விடை எழுதும்போது "காப்புப்பிரதி எடுத்தல்" என்பதோடு நிறுத்தாதீர்கள். அது எங்கே வைக்கப்படும், மீட்டுப் பார்த்துச் சோதிக்கப்பட்டதா என்பதையும் சேர்த்தெழுதுங்கள்.

பயிற்சி வினா: மேற்கூறிய துறைமுக வாயிலில் 60 பதிவுகளையும் இழக்காமல் பழைய பதிப்புக்குத் திரும்ப, நள்ளிரவுக்குப் பின் எதனை வேறாகச் சேமித்திருக்க வேண்டும்? காரணத்துடன் விளக்குக.