பிரின்டரடியில்

ரொறன்ரோவுக்குப் பக்கத்து நகரம் ஒன்றின் பொது நூலகத்தில், தகவல் மேசையில் வேலை செய்கிறேன். புத்தகம் தேடிக் கொடுக்கும் நேரத்தைவிடப் பிரின்டரடியில் நிற்கும் நேரம்தான் அதிகம். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இதைக் கண்டு சோர்ந்துபோகிறார்கள். நூலகவியல் படித்துவிட்டு, சிக்கிய தாளை இழுத்துக்கொண்டு நிற்கிறோமே என்கிறார்கள். யாரோ கத்திவிட்டுப் போன பிறகு பின்னறையில் கண் கலங்கி நின்ற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காகவும், வீட்டில் அம்மா அப்பாவுக்கு இதே உதவியைச் செய்து சலித்துப்போகிறவர்களுக்காகவும், இந்த வேலையில் எனக்குக் கைகொடுத்தவற்றை எழுதுகிறேன்.

இது நூலக வேலைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில் பிரின்டர் வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். வைத்திருப்பவர்களிடமும் மை காய்ந்து கிடக்கிறது. ஆனால் கையெழுத்திட்ட தாளைக் கொண்டுவா என்று கேட்கும் இடங்கள் குறையவில்லை. வாடகை ஒப்பந்தம், விசாப் படிவம், நீதிமன்றக் கடிதம், வேலைக்கு விண்ணப்பம், திருப்பி அனுப்பும் பொதியில் ஒட்டும் லேபல் எல்லாம் எங்கள் தட்டில்தான் வந்து விழுகின்றன. ஏப்ரல் 30 வருமான வரிக் கெடு என்பதால் அந்த மாதம் முழுக்க வரிசை நீளும். 2023 அக்டோபர் கடைசியில் ரொறன்ரோ பொது நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, 100 கிளைகளிலும் பொதுமக்களுக்கான கணினிகளும் பிரின்ட் வசதியும் மாதக்கணக்கில் முடங்கின. புத்தகம் இரவல் கொடுப்பது தொடர்ந்தது. ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில் ஒரு பக்கத் தாளுக்காக எத்தனை பேர் அலைந்திருப்பார்கள் என்று யோசித்தால், இந்த இயந்திரத்தை யாரும் சிறிதாக நினைக்கமாட்டார்கள்.

வருகிறவர் பெரும்பாலும் கோபத்தோடுதான் பேச்சைத் தொடங்குவார். "பிள்ளை, உங்கட மெஷின் வேலை செய்யுதில்லை." இதற்கு உடனே "இல்லை ஐயா, வேலை செய்யுது" என்று பதில் சொல்லக்கூடாது, அங்கேயே சண்டை தொடங்கிவிடும். மெஷினைப் பற்றிய பேச்சையே எடுக்காமல் நான் கேட்பது, "ஐயா, இதை ஆருக்குக் குடுக்கவேணும்? எப்ப குடுக்கவேணும்?" என்பது. "நாளைக்குக் காலமை லோயரிட்ட குடுக்கவேணும்" என்று பதில் வந்ததும் குரல் பாதி இறங்கிவிடும். அவரை உலுக்கிக்கொண்டிருப்பது அந்த நாளைக் காலை. அது எனக்கும் தெரிந்துவிட்டது என்று அறிந்தாலே அவர் தனியாக நிற்கவில்லை என்று ஆகிவிடுகிறது. அந்தப் பதிலால் எனக்கும் லாபம் உண்டு. லோயருக்கு மின்னஞ்சலில் அனுப்பினாலே போதும் என்றால் பிரின்டே தேவையில்லை. நாற்பது பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் பக்கம் மட்டும் வேண்டும் என்பதும் இந்தக் கேள்வியில்தான் வெளிவரும்.

அடுத்து, ஆவணம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். "போனிலை இருக்கு" என்பார்கள். போனில் எங்கே? மின்னஞ்சலிலா, வாட்ஸ்அப்பிலா, படமாகவா, இல்லை ஏதோ இணையத்தளத்துக்குள் நுழைந்தால்தான் தெரியுமா? இதைத் தெளிவாக்காமல் கணினியில் கொண்டுபோய் உட்கார வைத்தால் அரைமணி நேரம் வீணாகும்.

வீணாகும் இடம் அநேகமாகக் கடவுச்சொல்தான். நூலகக் கணினி அவருடைய மின்னஞ்சலுக்குப் புதிய இடம். சொல்லைச் சரியாகவே போட்டாலும், நீங்கள்தானா என்று கேட்டு அவருடைய போனுக்கு ஓர் இலக்கத்தை அனுப்பும். போன் வீட்டில் இருக்கும், அல்லது நம்பர் மாறியிருக்கும். கணக்கைத் திறந்து கொடுத்தது மகள் என்றால் இலக்கம் அவளுக்குப் போகும். அவள் வேலையில் இருப்பாள், போனை எடுக்கமாட்டாள். கடவுச்சொல் இரண்டு முறை பிழைத்தால் மூன்றாவது முறை முயற்சிக்க விடாதீர்கள், கணக்கே பூட்டிக்கொள்ளக்கூடும். போன் கையில் இருந்தால், அதில் அந்த மின்னஞ்சல் அநேகமாக ஏற்கெனவே திறந்துதான் இருக்கும். பல நூலகங்களில் பிரின்டருக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரியோ இணையப் பக்கமோ உண்டு. போனிலிருந்தே அதற்கு அனுப்பச் சொன்னால் கணினியும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். இந்த ஒரு வழி தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் வேறு வகைத் தொல்லை. ஊரிலிருந்து தம்பி பிறப்புச் சான்றிதழைப் படமெடுத்து அனுப்பியிருப்பார். அனுப்பும்போதே அது சுருங்கிவிடும். தாளில் எடுத்தால் சாம்பல் நிழலும் மங்கிய எழுத்தும்தான் மிஞ்சும். அதே படத்தை டொக்யுமென்டாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், அப்போது முழுத் தெளிவோடு வரும்.

கனடாக் குடிவரவுப் படிவங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் ஆட்கள் அழுவது இதில்தான். அவற்றில் சிலவற்றை இணைய உலாவியில் திறந்தால் படிவம் தெரியாது. சற்றுப் பொறுங்கள் என்று ஒரு வரி மட்டும் நிற்கும். வந்தவர் உண்மையாகவே பொறுத்துக்கொண்டிருப்பார். ஒரு அம்மா தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் முழுவதும் அந்த வரியைப் பார்த்தபடி பேசாமல் இருந்ததை நான் மறக்கமாட்டேன். கணினி மெதுவாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். அந்தப் படிவம் உலாவிக்குள் திறக்காத வகை, எவ்வளவு நேரம் இருந்தாலும் வராது. அதைக் கணினியில் சேமித்து, அடோபி ரீடரில் திறக்கவேண்டும். சில படிவங்களை நிரப்பி முடித்ததும் மேலே சரிபார்க்கும் பொத்தானை அழுத்தினால் கடைசியில் பட்டைக்குறிகள் கொண்ட பக்கம் உருவாகும். அதை அழுத்தாமல் பிரின்ட் எடுத்தவர் மறுநாள் திரும்பி வருவார், இன்னும் கோபமாக. நிரப்பிய படிவத்தைத் தன் மின்னஞ்சலுக்கு அனுப்பவோ யூஎஸ்பியில் சேமிக்கவோ சொல்வதையும் மறக்கவேண்டாம். பெரும்பாலான நூலகக் கணினிகள், நேரம் முடிந்ததும் எல்லாவற்றையும் துடைத்துவிடும். அழிந்ததை நாங்களும் மீட்க முடியாது. இந்தச் செய்தியை முன்கூட்டியே சொல்வது எளிது. பிறகு சொல்வது மிகவும் கடினம்.

தாளின் அளவும் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல். இலங்கையிலும் இந்தியாவிலும் ஏ4, அதாவது 210க்கு 297 மில்லிமீட்டர். இங்கே லெட்டர் தாள், 216க்கு 279. உயரத்தில் 18 மில்லிமீட்டர் குறைவு. ஊரில் தயாரித்த கடிதத்தை அப்படியே பிரின்ட் எடுத்தால் அடியில் இருக்கும் முத்திரையோ கையெழுத்தோதான் வெட்டுப்படும். தாளுக்குப் பொருத்து என்ற தெரிவைப் போட்டால் போதும். ஆனால் பொதி லேபல்களுக்கு அதைப் போடவேண்டாம். பட்டைக்குறி சுருங்கினால் வாசிக்காமல் போகலாம், நூறு வீதத்திலேயே எடுங்கள். கடவுச்சீட்டுப் படத்தைச் சாதாரணத் தாளில் எடுத்துத் தரச் சொல்பவரிடம், அந்தப் படத்தை ஏற்கமாட்டார்கள், படப்பிடிப்பு நிலையத்துக்குத்தான் போகவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பாமினி எழுத்துருவைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. ஈழத்தவர் வீடுகளில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு அச்சடிப்பது வழக்கம். தேவாரமும் வாழ்க்கைக் குறிப்பும் கொண்ட அந்த நூலை அச்சகத்துக்குக் கொடுக்கமுன் ஒரு பிரதி எடுத்துப் பிழை பார்க்க வருவார்கள். யாழ்ப்பாணத்தில் யாரோ உறவினர் பாமினி எழுத்துருவில் தட்டி அனுப்பியிருப்பார். இங்குள்ள கணினியில் பாமினி கிடையாது. ஆங்கில எழுத்துகள் இருக்கும் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது. எழுத்துரு இல்லையென்றால் அடியில் கிடக்கும் ஆங்கில எழுத்துகளே வரிசை வரிசையாக மேலே வந்துவிடும். தகப்பனின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பொருளற்ற குறிகளைப் பார்க்கும் மகனுக்கு அந்த நேரத்தில் ஏற்படும் பதற்றத்தை எழுத்துருச் சிக்கல் என்று தள்ளிவிட முடியாது. ஒன்றும் அழியவில்லை, எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்பதையே முதல் வாக்கியமாகச் சொல்லவேண்டும். தட்டச்சு செய்தவரிடம் பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்வதே நல்ல வழி. ஆனால் கோடையில் இங்கே பின்னேரம் நாலு மணி என்றால் அங்கே நள்ளிரவு தாண்டி ஒன்றரை. அவர் எழும்பும்வரை பொறுக்க முடியாதென்றால், பாமினியை யூனிகோடாக மாற்றித்தரும் இணையப் பக்கங்கள் இருக்கின்றன. எழுத்தை அங்கே ஒட்டி மாற்றிக்கொள்ளலாம். பந்தி அமைப்புக் குலையும், வாசித்துப் பிழை பார்க்க அது போதும். நூலகக் கணினிகளில் பாமினியை நிறுவித் தரவேண்டும் என்று தமிழர் வாழும் பகுதி நூலகங்களில் நாங்களே நிர்வாகத்திடம் கேட்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

"லைப்ரரி எல்லாம் ஃப்ரீ எண்டு சொன்னவை, இதுக்கேன் காசு?" என்று கேட்பவருக்கு நேரான பதில் உண்டு. ஒன்ராறியோவின் பொது நூலகச் சட்டப்படி உள்ளே வருவதற்கும் அங்கே இருந்து நூல்களைப் பார்ப்பதற்கும் கட்டணம் வாங்கக்கூடாது. பிரின்ட் அதற்குள் அடங்காது. இதை ஒரு வாக்கியத்தில் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள், விவாதம் வேண்டாம். அதைவிட, காசு வீணாகாமல் காப்பதுதான் நல்ல உதவி. ஒரே பொத்தானைப் பலமுறை அழுத்தியதால் ஒரே கடிதம் வரிசையில் பல பிரதிகளாக நிற்கும். காசு கட்டமுன் மிச்சத்தை நீக்கிக் காட்டுங்கள். இணையப் பக்கத்தை அப்படியே அனுப்பினால் விளம்பரங்களும் சேர்ந்து வரும், வேண்டிய பக்க இலக்கத்தை மட்டும் போடவேண்டும். பிழையாக வந்த தாளுக்கு, உங்கள் நூலக விதி இடம் கொடுத்தால், கேட்கமுன்பே காசைத் திருப்பிக் கொடுங்கள்.

அவருடைய மவுஸை உங்கள் கைக்கு எடுக்காதீர்கள். எடுத்தால் வேகமாக முடியும் என்பது உண்மை. பின்னால் வரிசை நிற்கும்போது எனக்கும் கை நீளப் பார்க்கும். ஆனால் வங்கிக் கணக்கும் மருத்துவ அறிக்கையும் திறந்திருக்கும் திரை அது. பக்கத்தில் நின்று விரலால் காட்டி, கடவுச்சொல் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். "நீர்தான் அடிச்சுத் தாரும் பிள்ளை, எனக்கு உது விளங்காது" என்று கெஞ்சினாலும் கடவுச்சொல்லை மட்டும் நான் தட்டுவதில்லை. படிவத்தில் என்ன பதில் எழுதலாம் என்று கேட்டாலும் சொல்வதில்லை. எந்தப் பொத்தான் என்று காட்டுவேன், பதில் அவருடையது. குடிவரவுக் கேள்வி என்றால், ஒன்ராறியோவில் பல நூலகங்களுக்குக் குடியமர்வு உதவியாளர்கள் வருகிறார்கள். அவர்கள் வரும் நாளையும் நேரத்தையும் எழுதிக் கையில் கொடுத்துவிடுவேன்.

கோபம் வசையாக மாறினால் பொறுத்துக்கொண்டு நிற்கவேண்டியதில்லை. "ஐயா, உங்களுக்கு உதவத்தான் நிக்கிறன். இப்பிடிக் கதைச்சா என்னாலை ஏலாது" என்று ஒருமுறை சொல்லுங்கள். தொடர்ந்தால் விலகிப்போய் இன்னொருவரை அனுப்புங்கள். முகம் மாறினாலே பல நேரம் தணிந்துவிடும். தணியாவிட்டால் மேலாளர் இருக்கிறார். வயதில் மூத்தவர் என்பதற்காக எங்கள் பெண் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு வசை கேட்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

மூடும் நேரத்துக்குச் சற்று முன்பே கணினிகள் தாமாக நின்றுவிடும் என்பதை வாசலிலேயே எழுதி ஒட்டுங்கள், தமிழிலும். அந்தக் கடைசி வேளையில் ஓடி வருகிறவருக்குக் கணினி ஒதுக்கவேண்டாம், போனிலிருந்தே அனுப்ப வைப்பதுதான் வழி. பூட்டமுன் ஸ்கேனர் மூடியைத் திறந்து பாருங்கள். அவசரத்தில் பிரதியை எடுத்துக்கொண்டு மூலத்தைக் கண்ணாடியிலேயே விட்டுப்போவார்கள், கடவுச்சீட்டு உட்பட. பெயரை வைத்து உறுப்பினர் பதிவில் தேடி அன்றிரவே அழைத்துச் சொல்லிவிடுங்கள். தட்டில் அநாதையாகக் கிடக்கும் பிரின்ட் தாள்களை வாசிக்காமல், குறிப்புத் தாளாக வெட்டி மேசையில் அடுக்காமல், நேரே துண்டாக்கும் இயந்திரத்தில் போடுங்கள்.