துண்டுத் துணிப் போர்வை

மேலே துண்டுத் துணிகளின் இணைப்பு, நடுவே பஞ்சுப் படலம், கீழே அடித்துணி ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தைப்பதே 'குயில்ட்' என வழங்கும் போர்வையாகும்.

புதிதாகத் தைக்கப் புகும் நாம் பெரிய போர்வையை நாடாது, ஒன்பது சதுரங்களாலான ஒரு கட்டத்தை முதலில் தைத்துப் பழகுவோம். கடையில் கண்ணைக் கவரும் துணிகள் பலவுண்டு. எனினும், வழுக்கும் பட்டையும் இழுபடும் பனியன் துணியையும் விடுத்து, நெருக்கமாக நெய்த பருத்தியையே வாங்குதல் வேண்டும். அடர்நிறத்தில் ஒன்றும் வெளிர்நிறத்தில் ஒன்றுமாக அரைக் கஜம் வீதம் வாங்கினால், நான்கு கட்டங்களுக்குப் போதும். துவைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்ட பின்னரே வெட்டுதல் நன்று. துணி சுருங்குவதும் சாயம் போவதும் முன்னரே தெரிந்துவிடும்.

நாலரை அங்குலச் சதுரங்களாக அடர்நிறத்தில் 5, வெளிர்நிறத்தில் 4 வெட்டி, ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைத்தால், பன்னிரண்டரை அங்குலக் கட்டம் உருவாகும். அந்தக் கால் அங்குலம் பிசகினால் மூலைகள் பொருந்தமாட்டா.

துணி கடையில் மட்டுமே கிடைப்பதன்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில், 1942ஆம் ஆண்டு மிசூரி பெட்வே என்ற அம்மையார், மறைந்த கணவரின் வேலை உடைகளை வெட்டிப் போர்வை தைத்தார். அவ்வூரார் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

பெற்றோர்களே! பாட்டியாரின் பழைய பருத்திச் சேலையை எறியுமுன் சற்றே சிந்திப்போம். அதில் நையாத பகுதி ஒரு சதுரமேயாயினும், பிள்ளையின் முதற் கட்டத்தில் அது இடம்பெறட்டும். பாட்டியாரைக் காணாத பேரப்பிள்ளையும் அச்சேலையைத் தொட்டறியும்.