நன்றி என்பது மறதியல்ல

(குழுவாகக் கூடி வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்)

வாசிக்க: இணைச் சட்டம் 26:1-12, லூக்கா 17:11-19, 1 தெசலோனிக்கர் 5:16-18



"எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் நாங்கள். எதற்காக நன்றி சொல்வது?" இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் நன்றியைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் எழும் கேள்வி இதுதான். இது விசுவாசக் குறைவால் வரும் கேள்வியல்ல. விளைந்த வேளாண்மையை அறுக்காமல் விட்டு வந்தவரும், காணி உறுதியை வெள்ளத்தில் இழந்தவரும், தன் காணியில் வேறொருவர் வேலி அடைத்திருப்பதைக் கண்டவரும் கேட்கின்ற நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடாமல் "நன்றி சொல்லுங்கள்" என்று புத்தி சொல்வது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். எனவே இந்தப் பாடத்தில் அந்தக் கேள்வியோடே திருவிவிலியத்தைத் திறப்போம்.

1. சொல்வதற்கு முன் அறிவது

திருக்குறளின் 11ஆம் அதிகாரத்தின் பெயர் 'செய்ந்நன்றியறிதல்'. இங்கே 'நன்றி' என்பது வாயால் சொல்லும் சொல் அல்ல. ஒருவர் செய்த நன்மை. அந்த நன்மையை அறிவதே முதற் கடமை. எது, யார் கையால், எப்படி நம்மிடம் வந்தது என்று தெரிந்து வைத்திருப்பதே நன்றியின் வேர்.

இன்று உண்ட ஒரு கோப்பைச் சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து வாய்க்கால் வழியே வந்த நீர் இப்பகுதி வட்டைகள் பலவற்றை வளர்க்கிறது. உழவு மெசின் ஓட்டியவர் ஓர் ஊரார். களை பிடுங்கிய பெண்கள் வேறோர் ஊரார். சோற்றோடு வந்த மீன் கல்முனைக் கரையில் வலை இழுத்தவர்களின் உழைப்பு. இவர்களுள் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் உள்ளனர். இத்தனை கைகளுக்கும் பின்னால் மழையையும் மண்ணையும் தந்த இறைவனின் கை இருக்கிறது. இதை அறியாமல் உண்பவர் பசி தீர உண்ணலாம், நன்றியோடு உண்பதில்லை.

2. அகதியின் கூடை

இணைச் சட்டம் (உபாகமம்) 26ஆம் அதிகாரத்தில் ஒரு விவசாயி தன் நிலத்தின் முதற்பலனைக் கூடையில் வைத்து ஆண்டவரின் திருமுன் கொண்டு வருகிறார். அங்கே அவர் என்ன சொல்ல வேண்டும் என்பதும் எழுதப்பட்டுள்ளது. "நல்ல விளைச்சல் தந்தீர்" என்று மட்டும் சொல்லி அவர் திரும்பக் கூடாது. தம் முன்னோர் நிலையாக ஓரிடத்தில் வாழாமல் அலைந்தவர் என்பதையும், அந்நிய நாட்டில் சிறு கூட்டமாகப் பிழைக்கப் போனதையும், அங்கே அடிமைகளாக ஒடுக்கப்பட்டதையும், கதறியபோது ஆண்டவர் கேட்டதையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். அதன் பிறகே கூடையை வைத்து வணங்க வேண்டும்.

இதைக் கவனியுங்கள். இஸ்ரயேல் மக்களின் அறுவடை நன்றிச் செபம் ஓர் இடம்பெயர்வின் கதை. பட்ட துன்பத்தை மூடி மறைத்துவிட்டு நன்றி சொல்லும்படி இறைவன் கேட்கவில்லை. அழுததையும் சேர்த்துச் சொல்வதே அந்த வழிபாடு. ஆகவே நன்றி என்பது மறதியல்ல, நினைவு.

கூடையை வைத்ததோடு வழிபாடு முடிவதுமில்லை. காணியில்லாத லேவியரோடும் அந்நியரோடும் சேர்ந்து மகிழ வேண்டும்; மூன்றாம் ஆண்டுப் பத்திலொரு பங்கு அந்நியருக்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் போய்ச் சேர வேண்டும். நம் முஸ்லிம் அயலவரின் மார்க்கத்திலும் விளைச்சலுக்கு ஸக்காத் உண்டு. மழையால் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று. செலவு செய்து நீர் இறைத்து விளைவித்ததற்கு இருபதில் ஒன்று. இந்துச் சகோதரர் தைப்பொங்கலன்று புத்தரிசிப் பொங்கலைச் சூரியனுக்குப் படைத்து அயலோடு பகிர்கின்றனர். மாடு விட்டுச் சூடு மிதித்த காலத்தில், களவெட்டியில் நெல்லைப் 'பொலி' என்றே மரியாதையோடு அழைத்தார்கள். பகிராத நன்றி முழுமையடையாது என்பது இம்மண்ணின் பொது அறிவு.

3. பத்துப் பேரில் ஒருவர்

லூக்கா 17இல் வரும் பத்துத் தொழுநோயாளர் கலிலேயா, சமாரியா எல்லைப்புறத்தில் ஆண்டவரைச் சந்திக்கின்றனர். யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் பழகாத காலம் அது. ஆனால் இந்தக் கூட்டத்தில் ஒரு சமாரியரும் இருந்தார். ஊரார் ஒதுக்கியதால் அவர்கள் ஒன்றானார்கள். குணமானபின் ஒருவர் மட்டுமே திரும்பி வந்தார். அவர்தான் அந்தச் சமாரியர். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார்.

இந்தக் கேள்வி நமக்கும் உரியது. 2004 டிசம்பர் 26இல் கடல் கரையேறியபோது அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாட்டிலேயே அதிக உயிரிழப்பு இங்குதான். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் திருக்கோவிலிலும் அலை யாரையும் சாதி, சமயம் கேட்டு அடிக்கவில்லை. வெளி உதவி வந்து சேருமுன் பள்ளிவாசலோ கோவிலோ பாடசாலையோ என்று பாராமல் மக்கள் ஒதுங்கினர். உள்ளூரார் சமைத்துக் கொடுத்தனர். பின்னர் நிவாரணம் வந்தது. "அவர்களுக்கு எவ்வளவு? எங்களுக்கு எவ்வளவு?" என்ற கணக்கும் வந்தது. துன்பத்தில் ஒன்றானோம், சுகம் கண்டதும் பிரிந்தோம். அன்று சோறு தந்த கையை இன்று நினைப்பவர் யாரோ, அவரே திரும்பி வந்த பத்தாம் ஆள்.

4. நன்றியும் உரிமையும்

"அரசாங்கம் உலர் உணவு தருகிறது, நிறுவனம் வீடு தருகிறது, நன்றியோடு பேசாமல் இருங்கள்" என்று சிலர் சொல்வதுண்டு. இது விவிலியம் போதிக்கும் நன்றி அல்ல. கொடைக்கு நன்றி சொல்கிறோம். உரிமையைக் கேட்டுப் பெறுகிறோம். அயலவர் தம் பானையிலிருந்து பகிர்ந்த சோறு கொடை. உங்கள் சொந்தக் காணி உங்களுக்குத் திரும்பக் கிடைப்பது உரிமை. நேர்மையாய் நடந்த அலுவலருக்கு மனதார நன்றி சொல்லலாம். அதனால் உரிமை சலுகையாகிவிடாது. பாணமையில் 2010 ஜூலையில் காணிகளிலிருந்து விரட்டப்பட்ட விவசாயக் குடும்பங்கள் ஓயாமல் கேட்டு வந்தன. 2015 பெப்ரவரியில் அமைச்சரவை காணியை விடுவிக்கத் தீர்மானித்தது. தீர்மானம் நடைமுறைக்கு வராதபோது, 2016 மார்ச்சில் மக்கள் தாமே அங்கு திரும்பிச் சென்றனர்.

தூய பவுல் எந்தச் சூழ்நிலையிலும் நன்றி கூறும்படி தெசலோனிக்கருக்கு எழுதினார். அந்நகரிலிருந்து இரவோடிரவாகத் தப்பிச் செல்ல நேர்ந்தவர் அவர். நடந்த எல்லாவற்றுக்காகவும் நன்றி சொல்லுங்கள் என்று அவர் எழுதவில்லை. அநியாயத்துக்கு நன்றி இல்லை. அநியாயத்தின் நடுவிலும் நம்மைக் கைவிடாத இறைவனுக்கே நன்றி. நாம் கொண்டாடும் நற்கருணையின் கிரேக்கப் பெயருக்குப் பொருள் 'நன்றி கூறுதல்'. காட்டிக்கொடுக்கப்பட்ட அதே இரவில் ஆண்டவர் அப்பத்தை எடுத்து நன்றி கூறினார். காட்டிக்கொடுத்ததற்கு அவர் நன்றி கூறவில்லை. கையில் இருந்த அப்பத்துக்குக் கூறினார், அதைப் பிட்டுப் பகிர்ந்தார்.

5. அன்றாட வாழ்வில்

• இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் ஒவ்வொருவரும் அன்று தமக்கு நன்மை செய்த ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள். களை பிடுங்கி, தண்ணீர் சுமந்து, சமைத்தும் வைத்த மனைவிக்கு நன்றி சொல்லும் வழக்கம் நம்மிடையே குறைவு. அங்கிருந்தே தொடங்குங்கள்.

• ஒரு கொப்பி வையுங்கள். இடப்பக்கம் உங்களுக்கு உதவியவர்களின் பெயர். வலப்பக்கம் உங்களுக்கு வரவேண்டிய உரிமை. காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திர இலக்கம், பிரதேச செயலகத்தில் மனுக் கொடுத்த திகதி, கிடைத்த பதில் ஆகியவற்றை எழுதுங்கள். இரண்டு பக்கமும் நினைவுதான்.

• உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வையுங்கள். மாதமுடிவில் உங்களிலும் வறிய குடும்பத்துக்கு, அது எந்தச் சமயமானாலும், கொடுங்கள். காணியில்லாதவருக்கும் இந்த முதற்பலன் முடியும்.

கலந்துரையாடலுக்கு

1. நாம் இடம்பெயர்ந்தபோது முதலில் கதவு திறந்தவர் யார்? அவரைப் பின்னர் போய்ப் பார்த்தோமா?
2. நாம் பெற்றவற்றுள் எவை கொடை, எவை உரிமை? பிரித்து எழுதுவோம்.
3. இணைச் சட்டம் 26இல் உள்ளதுபோல நம் கிராமத்தின் கதையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வோம்?

முடிவுச் செபம்

ஆண்டவரே, நாங்கள் விட்டு வந்த வயல்களை நீர் அறிவீர். வழியில் எங்களைத் தாங்கிய கைகளையும் அறிவீர். இரண்டையும் மறவாத மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.